இரண்டு வளவுகள் ஒன்றாகும்போது

ஒன்றுசேர்த்தல் என்பதை நல்ல சொல்லாகவே நாம் வழங்கி வருகிறோம். பிரிந்த சகோதரர் ஒன்றுசேர்ந்தால் ஊர் மகிழ்கிறது. உழைப்பவர் ஒன்றுசேர வேண்டும் என்று மேடைகளிலே பேசுகிறோம். ஆகவே, அடுத்தடுத்துள்ள இரண்டு வளவுகளின் நடுவேலியைப் பிடுங்கி, இரண்டு வீடுகளையும் ஒரே ஆதனமாக்குவதிலே ஒழுக்கவியல் அடிப்படையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என வாசகர் வினவலாம். விலை கொடுத்தவன் வாங்குகிறான். நொத்தாரிசு உறுதி முடிக்கிறார். நில அளவையாளர் இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிப் புதிய படம் வரைகிறார். பிரதேச சபை அதற்கு அங்கீகாரம் வழங்குகிறது. காணிப் பதிவகத்திலே பதிவும் நடந்தேறுகிறது. இதிலே எவர் பொருளை எவர் கவர்ந்தார்?

கடந்த ஆண்டின் நடுப்பகுதிவரை நானும் இவ்வாறே எண்ணியிருந்தேன். வாங்குபவன் நானாக அமைந்தபொழுதுதான் வேறு விதமாக எண்ண நேர்ந்தது.

எங்கள் கதை சிறியது. வலிகாமத்திலே ஊருக்கு ஊர் நடப்பது. என் மனைவியின் பேரனார் தமது எட்டுப் பரப்பு வளவை இரண்டாகப் பிரித்து இரு பெண்மக்களுக்கும் சீதன உறுதி எழுதினார். மேற்குத் துண்டு மூத்தவருக்கு. கிழக்குத் துண்டு இளையவரான என் மாமியாருக்கு. அவர் அதைத் தம் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார்; நாம் அதிலே குடியிருக்கிறோம். கிணறு கிழக்குத் துண்டிலே இருப்பதால், மேற்குத் துண்டின் உறுதியிலே கிணற்றுப் பங்கும், கிணற்றுக்கு வந்துபோகும் வழியும் வாய்க்காலும் குறிக்கப்பட்டுள்ளன. நடுவிலே கிளுவையும் பூவரசும் நின்ற கதியால் வேலி. அந்த வேலியிலே ஒரு பொட்டு. கறிக்கு உப்புக் குறைந்தாலும் கைக்குழந்தை அழுதாலும் அக்காளும் தங்கையும் அப்பொட்டினூடாகவே போய்வந்தார்கள். படலையால் சுற்றிப் போனதென்றால் அன்று இரு வீட்டுக்குமிடையே சண்டை என்று பொருள்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது இரு வீடுகளும் வெறுமையாயின. அடுத்த ஆண்டில் இளையவர் குடும்பம் திரும்பி வந்தது. மூத்தவர் குடும்பம் வன்னிக்குச் சென்று, அங்கிருந்து கனடா சென்று, அங்கேயே நிலைத்துவிட்டது. மூத்தவர் காலமான பின்னர் அவருடைய பிள்ளைகள் மேற்குத் துண்டை விற்க முன்வந்தார்கள். பிறத்தியாருக்குப் போகாமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்; தவணை முறையிலே பணங் கொடுக்கவும் இசைந்தார்கள். எனக்கு ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த வீட்டின் தலைவாசலை ஒட்டிய அறையிலே என் புத்தகங்களை அடுக்கிப் பார்த்து மனத்துள்ளே மகிழ்ந்தும் இருந்தேன்.

இனி வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவேலிக்கு மேற்கே, வேலியை ஒட்டினாற்போல, நான்கடி அகலத்தில் ஒரு நடைபாதை வீதியிலிருந்து எங்கள் கோடிப்புறத்துக்குச் செல்கிறது. கோடிக்கு அப்பால் ஆறு குடும்பங்கள் வாழ்கின்றன. முன்னொரு காலத்திலே இவ்வளவுக்காரரின் காணிகளிற் கூலிக்கு உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இன்று அவர்கள் இருக்கும் நிலத்துக்கு அவர்களுக்கே உறுதி உண்டு. மேசன் உண்டு, சாரதி உண்டு, இவ்வாண்டு பல்கலைக்கழகம் புகுந்த பெண் ஒருத்தியும் உண்டு. இந்நடைபாதைக்கு மட்டும் உறுதி இல்லை. வேறு வழி இல்லாமலில்லை. பின்புறத்து வயற்கரையால் அரைக் கிலோமீற்றர் சுற்றி வரலாம். மாரியிலே அங்கே முழங்கால் வெள்ளம் நிற்கும்.

அளவையாளரின் முதற் படத்திலே இந்தப் பாதை இல்லை. விடுபட்ட பிழையன்று அது. இரண்டு துண்டுகளும் ஒருவர் கைக்கு வந்தால் நடுவிலே பாதை எதற்கு என்று அவர் எண்ணினார். நொத்தாரிசும் அதையே சொன்னார். ஒருவர் நிலத்திலே இன்னொருவருக்குள்ள வழியுரிமையும் நீருரிமையும் இரண்டு உடைமையாளர் இருக்கும்வரையிலேதான் உயிரோடிருக்கும். இரு நிலமும் ஒருவர்க்கே ஆனதும் அவ்வுரிமைகள் தாமாகவே அழிந்துபோகும். நமது நாட்டுக்கு ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டத்தின் கொள்கை இது. தன் நிலத்துக்குத் தன் நிலமே கடமைப்பட முடியாதல்லவா? தருக்கம் குற்றமற்றது. அதன்படி மேற்குத் துண்டின் கிணற்றுப் பங்கு நாம் கையெழுத்திட்ட அன்றே மறைந்துவிடும். மூத்தவர் காலத்திலே அவருடைய பங்கின் பேரால் அந்த ஆறு குடும்பங்களும் எங்கள் கிணற்றிலே நல்ல தண்ணீர் அள்ளி வந்தார்கள் என்பது எந்த உறுதியிலும் எழுதப்படாத செய்தி.

இவ்விடத்திலேதான் நான் நின்றுவிட்டேன். இரண்டு உடைமையாளர் இருந்தபோது மூன்றாமவர் நடக்க இடமிருந்தது. ஒருவராகியதும் அந்த இடம் போய்விட்டது. இது எப்படி நேர்ந்தது? எல்லையோரம் என்பது விசித்திரமான நிலம். மேற்கு வளவுக்காரிக்கு அது தன் வளவின் விளிம்பு; கிழக்கு வளவுக்காரிக்கோ வேலிக்கு அப்பாலுள்ளது. இருவருமே அங்கே தோட்டம் வைப்பதில்லை, முற்றம் பெருக்குவதில்லை. சட்டப்படி ஒருவருக்குரியதாயினும் மனத்தளவிலே முழுவதும் எவருக்கும் உரியதாகாத அந்த நான்கடியிலே மற்றவர்கள் நடந்து நடந்து ஒரு வழியை உண்டாக்கினார்கள். வளவுகள் ஒன்றானதும் அதே நான்கடி விளிம்பு என்ற நிலை மாறி நடு முற்றமாகிறது. விளிம்பிலே நடப்பவனைப் பொறுத்துக்கொள்ளும் மனம் நடுமுற்றத்திலே நடப்பவனைப் பொறுப்பதில்லை.

தமிழ் கற்றவனுக்குச் சொற்களிலே சிந்தை ஓடுவது இயல்பு. 'அயல்' என்னும் நமது சொல் அருகிலிருப்பதையும் குறிக்கும். நம்முடையதல்லாத அந்நியத்தையும் குறிக்கும். அயலட்டை என்று சொல்லி உறவு கொண்டாடுகிறோம், அயல்நாடு என்று சொல்லி விலக்கி நிறுத்துகிறோம். 'வேலி' என்பதோ சோழநாட்டு உழவர் வாயிலே நிலத்தின் ஓர் அளவாகவே வழங்கியது. அடைப்பதே அளப்பதாயிற்றுப் போலும்! (இப்படிச் சொல்லாராய்ச்சி செய்தே பொழுதைப் போக்குகிறீர்கள் என்று என் மனைவி கூறுவதுண்டு. மதில் வேலைக்குக் கல் பறிக்க லொறி வந்து நின்ற நாளிலும் கூறினார்.)

மனிதரிடை ஏற்றத்தாழ்வின் தோற்றத்தை ஆராய்ந்து 1755 இல் நூல் வெளியிட்ட ரூசோ, நிலத்தை வளைத்து வேலியிட்டுத் தனதென்று சொன்ன மனிதனிடத்திலே குடிமைச் சமுதாயத்தின் தொடக்கத்தையும் அதன் துன்பங்களின் ஊற்றையும் கண்டார். நாம் மாணவராயிருந்த காலத்தில் அக்கருத்து எம்மை ஆட்கொண்டிருந்தது. வேலி என்றாலே பகை என்று எண்ணினோம். இன்றோ என் கண்முன்னே வேலியைப் பிடுங்குவதுதான் ஆறு குடும்பங்களின் வழியை அடைக்கிறது. இதனால் ரூசோ பிழைத்துவிட்டாரென்று நான் கூறவில்லை. வேலி ஒரு கருவி. அதைப் போடுவதாலும் தீங்கு வரலாம், எடுப்பதாலும் தீங்கு வரலாம். வேலிக்கு இருபுறமும் யார் நின்றார்கள், அது போனபின் யார் நிற்கிறார்கள் என்பதைக் கேளாமல் கருவியைப் பழித்துப் பயனில்லை.

சட்டம் இவற்றை எப்படிப் பார்த்தது? தேசவழமையை 1707 இலே ஒல்லாந்தர் தொகுத்து எழுதுவித்தார்கள். காணி விற்கப்படும்போது அதை முதலிற் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கு என்பதிலே அத்தொகுப்பு மிகுந்த கவனம் செலுத்தியது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அம்முன்னுரிமையைக் கூட்டுப் பங்காளருக்கும், விற்பவர் இறப்பின் உரித்தாளராகக் கூடியவருக்குமெனச் சுருக்கியது. கூட்டியும் குறைத்தும் எழுதியவர் எல்லாரும் நிலம் உள்ளவர்களைச் சுற்றியே கணக்குப் போட்டார்கள். கோடிக்கு அப்பாலிருந்து நடந்து வருபவன் அக்கணக்கிலே சேரவில்லை. 1973 ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என எண்ணிக்கை விதித்தது. எஞ்சிய வீடுகளை அரசு எடுத்துக் குடியிருப்போர்க்கு விற்க வழி செய்தது. துணிந்து செய்த நற்காரியம் அது; அந்த உச்சவரம்பு பின்னாளிலே நீக்கப்பட்டது. அச்சட்டத்துக்கு வீடு என்பது தனி வாயிலுள்ள, தன்னூடாக இன்னொரு குடியிருப்புக்குப் போக முடியாத ஓர் இருப்பிடம். ஆகவே நடுச்சுவரிலே ஒரு கதவை வெட்டினால் இரண்டு வீடு ஒரு வீடாகிவிடும்! எண்ணிக்கை குறைகிறது, உடைமை குறைவதில்லை.

ஆனால் என்னை உறங்கவிடாது செய்தது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பத்தாண்டுக்கு மேலாக ஒருவன் இடையறாது ஒரு வழியால் நடந்து வந்தால் அவ்வழிக்கு ஆட்சியுரிமை பெறலாம் என்று அது சொல்கிறது. அப்படியானால் எழுபது எண்பது ஆண்டு நடந்த இவர்களுக்கு உரிமை இருக்கிறதே என்று மகிழ்ச்சியோடு நொத்தாரிசிடம் கேட்டேன். அவர் சிரித்தார். உடைமையாளனுக்கு மாறாக, அவன் உரிமையை மறுத்து நடந்திருக்க வேண்டும். அவன் அனுமதியோடு நடந்திருந்தால் ஆயிரம் ஆண்டு நடந்தாலும் உரிமை பிறவாது என்றார். "இவை எல்லாம் கேட்டுக்கேட்டு நடந்த சனங்களல்லோ, மாஸ்ரர்?"

உண்மை. அவர்கள் கேட்டுத்தான் நடந்தார்கள். பேரனார் காலத்திலே தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்களாம். அப்படி நடக்க வேண்டுமென்று விதித்தவர்கள் நாம். பணிந்து நடக்கும்படி ஒரு மக்களை வற்புறுத்திவிட்டு, அவர்கள் பணிந்து நடந்ததையே சான்றாகக் காட்டி உரிமை இல்லையென்று தீர்ப்புக் கூறலாமா? முரடனாக வேலியை வெட்டிக்கொண்டு நடந்தவனுக்குச் சட்டம் வழியைக் கொடுக்கும்; மரியாதை செய்தவனுக்குக் கொடாது. சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணி எழுதினார்கள் என்று நான் கருதவில்லை. சமனான இருவரை மனத்திற் கொண்டு எழுதிய விதி சமனற்ற ஊரிலே இறங்கும்போது இப்படித்தான் ஆகிறது.

என் மாமனார் நல்ல மனிதர். பாதையை அடைக்க வேண்டுமென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நடக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? ஆனால் எழுதிக் குடுக்கிற வேலை மட்டும் வேண்டாம் தம்பி. எழுதினால் காணி வில்லங்கப்பட்டுப் போகும்" என்றார். நான் கேட்ட வாதங்களுள் இதுவே வலிமை மிக்கதென்று கருதுகிறேன். ஏனெனில் இதிலே கொடுமை இல்லை, அன்புகூட இருக்கிறது. அன்பினாலே ஒன்று நடைபெறும்போது அதை உரிமையாக மாற்ற வேண்டிய தேவை என்ன? பத்திரத்தினால் வரும் உறவிலும் பார்க்க மனத்தினால் வரும் உறவு உயர்ந்ததன்றோ?

இதற்கு மறுமொழியை எனக்குக் கற்பித்தவன் ஒரு சிறுவன். கோடிப்புறத்து வீடுகளிலொன்றிலிருந்து வரும் அவன், நான் கற்பிக்கும் பாடசாலையிலே எட்டாம் வகுப்பிலே படிக்கிறான். வகுப்பிலே துடுக்கானவன். கம்பராமாயணப் பாடத்திலே வாலிவதையை எடுத்துக்கொண்டு, மறைந்து நின்று அடித்தது சரியா என்று என்னோடு ஒரு பாடவேளை முழுவதும் வாதாடியவன். அவன் வீதியிலிருந்து சைக்கிளிலே வருகிறான். எங்கள் படலைக்கு நேரே வந்ததும் இறங்கிவிடுகிறான். நடைபாதை முழுவதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான்; எங்கள் கோடி முடிந்ததும் மறுபடி ஏறுகிறான். "ஏன் இறங்கிறாய், ஏறிப் போவன்" என்று ஒருநாள் சொன்னேன். சிரித்தான். அடுத்த நாளும் இறங்கினான். அவனை இறங்கச் சொன்னவர் எவருமில்லை. பாதை எங்கள் தயவு என்பதை அவனுடைய கால்கள் அறிந்திருந்தன.

தயவு வேண்டாம் என்று நான் வாதிப்பதாக எண்ணற்க. இருவர் சமமாய் நிற்குமிடத்திலே தயவு அழகானது. அக்காளுக்கும் தங்கைக்கும் இடையிலிருந்த வேலிப்பொட்டுக்கு உறுதி எழுதச் சொன்னால் சிரிப்போம். அங்கே ஒருத்தி மறுத்தால் மற்றவளும் மறுக்கலாம். கோடிப்புறத்து மக்கள் எங்களுக்கு எதை மறுக்க முடியும்? மறுக்க முடியாதவனுக்குச் செய்யும் தயவு, அவன் முதுகைச் சற்று வளைத்தே வைத்திருக்கிறது. அன்றியும் தயவு ஆளோடு போய்விடும். நாளைக்கு என் பிள்ளைகள் வெளிநாடு சென்று, இந்த எட்டுப் பரப்பையும் முகமறியாத ஒருவருக்கு விற்றால், அவர் வாங்கும் படத்திலே என் தயவு வரையப்பட்டிருக்குமா?

இடதுசாரி இயக்கத்திலே என்னிலும் நீண்ட காலம் உழைத்த நண்பரொருவர் வேறோர் ஆட்சேபம் எழுப்பினார். தனிச்சொத்து என்ற அமைப்பே தீது. அதற்குள்ளே நான்கடிப் பாதைக்குப் பத்திரம் எழுதுவது மத்தியதர வர்க்கத்தின் மனச்சாட்சிக்குப் பூசும் களிம்பு என்றார். அவருடைய கண்டிப்பை நான் மதிக்கிறேன். களிம்பு என்பதும் ஓரளவு மெய்யே; காணியை நான் வாங்காமல் விடவில்லையே! ஆயினும் மாரி ஆண்டுதோறும் வருகிறது. சமுதாயம் மாறும் நாள்வரை அந்தப் பெண் வெள்ளத்திலே நடந்து பல்கலைக்கழக பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெரிய நியாயத்தைக் காட்டிச் சிறிய நியாயத்தைத் தள்ளிவைப்பது நமக்குள்ளே பரவிய ஒரு நோய்.

நமது மண்ணிலே வளவுகளை ஒன்றாக்கிய பேருருவமான செயலொன்றையும் இங்கே நினையாதிருக்க முடியாது. 1990 முதல் வலிகாமம் வடக்கிலே மக்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களுடைய ஆயிரக்கணக்கான வளவுகள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற ஒரே அடைப்புக்குள்ளே அடக்கப்பட்டன. 2009 இலே போர் முடிந்த பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோது, திரும்பிச் சென்றோர் பலர் வீடு இருந்த இடத்திலே வெட்டவெளியைக் கண்டார்கள். வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. கிணற்றையும் எஞ்சிய மரத்தையும் அடையாளம் வைத்து எல்லை தேடினார்கள். ஒழுங்கை இருந்த இடத்தைக் காண்பது வீடு இருந்த இடத்தைக் காண்பதிலும் கடினமாயிருந்தது என்று அங்கே மீளக்குடியேறிய ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். வீட்டை நினைவுகூர அதன் சொந்தக்காரன் இருக்கிறான். ஒழுங்கை எல்லாருக்கும் உரியதாகையால் எவர் நினைவிலும் முழுமையாக இல்லை. பலவந்தமாகப் பறித்ததையும் விலை கொடுத்து வாங்குவதையும் நான் சமன் செய்யவில்லை. ஆயினும் படத்திலே கோடுகளை அழிப்பவன், அக்கோடுகளின்மேல் யார் நடந்தார்கள் என்று பார்ப்பதில்லை என்பது இரண்டுக்கும் பொதுவாயிருக்கக் கண்டு நாணினேன்.

கிழவி ஒருத்தி வந்து கேட்டதோடு எங்கள் தடுமாற்றம் முடிந்தது. கல் லொறியைக் கண்டுவிட்டு வந்திருந்தாள். முற்றத்துக்குள் வராமல் படலையிலே நின்றபடி, "வாத்தியார், மதில் கட்டப் போறியளாமோ? கட்டுங்கோ, உங்கட காணி. எங்கட பிள்ளையளுக்கு எந்த மாதம் தொடக்கம் சுத்திப் போகச் சொல்ல வேணுமெண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ" என்றாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள்.

அவள் போனபின் என் மனைவி, நான்கடி போதாது, எட்டடியாக எழுத வேண்டும் என்றார். மாமனார் திடுக்கிட்டார். "ஓட்டோ போகாத வழி என்ன வழி அப்பா? அந்த ஆச்சிக்கு ஒண்டெண்டால் கட்டிலோடையோ தூக்கிக்கொண்டு வாறது?" என்றார் மனைவி. மேலதிகமான நான்கடி வேலிக்குக் கிழக்கே, அவருடைய சீதனக் காணியிலிருந்து போக வேண்டும். அதை அவர் கொடுப்பதற்குக் கணவனாகிய என் எழுத்து மூலமான சம்மதம் தேவையென்று நொத்தாரிசு 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டினார். தன் தாய் தந்த மண்ணிலே நான்கடியை விட்டுக்கொடுக்க ஒரு பெண் வந்தேறியான என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது! வழிக்காக அனுமதி கேட்டு நின்றவர்களின் வரிசையிலே என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருந்ததை அன்றுதான் கண்டேன். கையெழுத்து வைக்கும்போது எனக்கு வெட்கமாயிருந்தது.

கிணற்று விடயம் இன்னும் முடியவில்லை. பாதைக்கு இசைந்த மாமனார் கிணற்றுக்கு இசையவில்லை. கோடையிலே நீர் மட்டம் தாழ்ந்துவிடும் என்கிறார். அதிலே உண்மையும் உண்டு. இப்போதைக்கு அவர்கள் முன்போல அள்ளுகிறார்கள், தயவின் பேரால். அந்த அறையிலே புத்தகங்களும் அடுக்கியாயிற்று.

சென்ற மாதம் அளவையாளர் மறுபடி வந்து எல்லைக்கல் நாட்டினார். பாதையைத் தனித்துண்டாகப் படத்திலே வெட்டிக்காட்டி, அதற்கு என்ன பெயரிடுவது என்று கேட்டார். 'வழி' என்று போட்டால் ஆதனத்தோடு சேர்ந்ததுபோல் இருக்கும், 'ஒழுங்கை' என்று போட்டால் பொதுவானதுபோல் இருக்கும் என்றார். ஒழுங்கை என்றே போடச் சொன்னோம். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பாடசாலை விட்டு அந்தச் சிறுவன் வந்தான். புதிய கற்களைப் பார்த்தான், அளவையாளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வழக்கம்போல இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.